சுண்டன் வள்ளத்துக்கு வந்த பச்சை டிக்

"இந்தத் தாளை நான் எடுத்துக்க முடியாது, அச்சாயா."

படகுப் பந்தய மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி சுகதன் சார் ஒற்றை விரலால் காகிதத்தைத் தள்ளினார். ஔசேப்பச்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காயலில் அவருடைய நீளமான பந்தயப் படகு, வடக்கேத்தறச் சுண்டன், தயாராக நிற்கிறது. நூறு ஆட்கள் துடுப்பைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

"கமிட்டி செயலாளரே மெயில்ல அனுப்பினது சார்! வருஷா வருஷம் வர்ற அனுமதி!"

"கையெழுத்துக் கட்டத்துல மஞ்சள் கேள்விக்குறி நிக்குது பாருங்க. கையெழுத்து சரிபார்க்கலைன்னு அர்த்தம். சரிபார்க்காத தாளை நான் வாசிக்கக்கூட மாட்டேன்."

"மனுஷன் போட்ட கையெழுத்தை மெஷின் சந்தேகப்படுதா? கலிகாலம்!"

படகுத்துறைக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார். தாள் முழுக்க இங்கிலீஷ். அவருக்குப் பிடிபட்டது வள்ளத்தின் பெயர் மட்டும்தான். கடைக்கார ஜிஷாவுக்கோ பந்தயக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லை. காலையில் அதை அச்செடுத்துக் கொடுத்ததோடு சரி.

"மோளே, இந்தக் கொக்கியை எடுத்துடு."

"பெருசா பிரிண்ட் போட்டுப் பார்ப்போம்."

கேள்விக்குறி வறுத்த இறால் அளவுக்கு வந்தது. ஔசேப்பச்சன் மேசையிலிருந்த பச்சை ஸ்கெட்ச் பேனாவைப் பிடுங்கி, அதன் மேலேயே ஒரு டிக் போட்டார்.

மறுபடி பந்தய மேசை. சுகதன் சார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இது யார் போட்டது?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருக்குக் கை நடுங்குமா அச்சாயா? தாளே வேண்டாம். மெயில்ல வந்ததை அப்படியே கம்ப்யூட்டர்ல காட்டுங்க."

வள்ளத்திலிருந்து குட்டப்பன் கத்தினான்: "அச்சாயா, நாங்க துடுப்பு போடணுமா, வலை போடணுமா?"

"வாயை மூடுடா!"

மறுபடி ஜிஷா கடை. இந்தத் தடவை ஔசேப்பச்சன் கம்ப்யூட்டரை நம்பவில்லை.

"மோளே, மேல் மூலையில கீவர்கீஸ் புண்ணியாளன் படத்தை வை. எல்லாம் தானா சரியாகும்."

திரையிலிருந்த தாளில் புனிதர் படத்தை வைத்தாள். மஞ்சள் போய்ச் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது.

"கையெழுத்துக்கு அப்புறம் யாரோ தாளைத் திருத்திட்டாங்கன்னு சொல்லுது!"

"புண்ணியாளனையே கள்ளன்னு சொல்லுதா உன் மெஷின்?"

ஜிஷா மெயிலிலிருந்து புதிதாக இறக்கினாள். கேள்விக்குறி போகவில்லை. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "லேப்டாப்புல தேதி மூணு வருஷம் பின்னாடி நிக்குது அச்சாயா! இன்னும் போடாத கையெழுத்துன்னு நினைச்சுக்கிட்டிருக்கு!"

"அதுக்குக் கள்ளு ஊத்தினது யாரு?"

தேதியைத் திருத்தினாள். உடனே திரையில் ஒரு கேள்வி.

"இந்தச் செயலாளர் கையெழுத்தை நம்பலாமான்னு கேக்குது."

"நம்பாதே! போன வருஷம் எங்க பசங்க தன்னை அடிச்சாங்கன்னு ஊரெல்லாம் சொன்ன ஆளு!"

"நம்பலைன்னா பச்சை வராது."

காயலில் முதல் வெடி போட்டார்கள். ஔசேப்பச்சன் சிலுவை போட்டுக்கொண்டார். "சரி. இன்னைக்கு ஒரு நாள் நம்பு."

தட்டினாள். பளிச்சென்று பச்சை டிக்!

லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடினார். "பச்சை வந்துட்டுதுடா!" நூறு பேரும் எழுந்து ஆர்ப்பரித்ததில் வள்ளம் கவிழப் பார்த்தது.

சுகதன் சார் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "சுத்தமான கையெழுத்து. இனி வாசிக்கலாம்."

முதல் பக்கம் வாசித்தார். இரண்டாம் பக்கம் போனார். பிறகு பந்தயப் பட்டியலை எடுத்து, அதில் ஒரு பெயரை நீளமாகக் கோடு போட்டு அடித்தார்.

"ஐயோ, எங்க வள்ளம்! எதுக்கு சார் அடிக்கிறீங்க?"

"இந்த வருஷம் அனுமதிக் கடிதமே கிடையாது, பட்டியல்ல பேர் இருந்தா இறங்கலாம்; இது உங்க வள்ளத்துக்கு வந்த தடை உத்தரவு, காலையிலேருந்து செல்லாம கிடந்துச்சு, நீங்கதான் அச்சாயா ஓடியோடி அதைச் செல்லுபடியாக்கிட்டீங்க!"