ஒரே வரியில் இன்ஸ்டால்

"ஃபைலைக் காணோம்னு சொல்லுது தலைவரே" என்றார் வடிவமைப்பாளர்.

"இருக்காதே. நல்லாப் பாருங்க."

"நான் சொல்லலை. மெஷின் சொல்லுது."

அஞ்சு நிமிஷத்தார் நாற்காலியை உருட்டிக்கொண்டே பக்கத்து மேசைக்கு வந்தார். அந்தப் பெயர் அலுவலகம் வைத்தது. எந்த வேலையைக் கொடுத்தாலும் "அஞ்சே நிமிஷம்" என்பார். சில வேலைகள் அப்படி முடிந்ததும் உண்டாம். அவை எவை என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்று வருஷமாக அவர் ஒரு லைப்ரரி எழுதிவந்தார். குளிர்பதனக் கிடங்கில் எந்தப் பெட்டியை எந்த அடுக்கில் வைத்தால் சீக்கிரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் நிரல்தொகுப்பு. கிடங்குக்காரர்களின் மென்பொருள் அதைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்யும். எழுதியதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரே குறை, வேறு கணினியில் அதை நிறுவ அவரே நேரில் போக வேண்டும். இதுவரை ஏழு கிடங்குகளுக்குப் போய், ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, இதை இங்கே திருத்தி அதை அங்கே ஒட்டுப்போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

எட்டாவது கிடங்கு ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருந்தது. அன்று ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் தயார். அவர் மனைவிக்கோ ஒன்பதாம் மாதம். இந்த வாரமோ அடுத்த வாரமோ என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே காலையில் மேலாளர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "சார், லைப்ரரியை ஒழுங்கா பேக்கேஜ் பண்ணி அனுப்பிடறேன். அவங்க ஒரே ஒரு வரி டைப் பண்ணினா போதும், தானா இன்ஸ்டால் ஆயிடும். நான் போகவே வேண்டாம்."

"எப்ப முடியும்?"

"அஞ்சே நிமிஷம்."

"அஞ்சு மணி வரைக்கும் டைம்" என்றார் மேலாளர். "உங்களோடது இல்லாத வேற ஒரு மெஷின்ல, நீங்க கை வைக்காம, ஒரே வரியில ஏறணும். ஏறிச்சுன்னா டிக்கெட்டை நானே கேன்சல் பண்றேன். ஏறலைன்னா ஸ்வெட்டரை எடுத்து வையுங்க."

அதற்காகத்தான் இப்போது வடிவமைப்பாளரின் கணினி.

"எந்த ஃபைலைக் காணோமாம்?"

"அடுக்கு அளவுன்னு ஒரு அட்டவணை. அதைத் தேன்நிலவுன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள போய்த் தேடுது."

அஞ்சு நிமிஷத்தாரின் காது சிவந்தது. கல்யாணமான புதிதில், போன இடத்திலும் வேலையை விடாமல் எழுதிய அட்டவணை அது. கைக்கு வசதியாக இருந்த ஃபோல்டரில் போட்டுவைத்தார். அவருடைய கணினியில் அது அங்கேயே கிடந்ததால் லைப்ரரி மூன்று வருஷமும் முணுமுணுக்காமல் ஓடியது. அடுத்தவர் கணினி தேன்நிலவுக்கு எங்கே போகும்?

"சின்ன விஷயம். அந்த ஃபோல்டரையும் பேக்கேஜுக்குள்ள சேர்த்துட்டாப் போச்சு."

சேர்த்தார். வடிவமைப்பாளர் மறுபடி அந்த ஒரு வரியைத் தட்டினார். இந்த முறை முடிய அரை மணி நேரம் ஆனது.

"அட்டவணை கிடைச்சுடுச்சு தலைவரே. நீங்க குதிரை மேல உட்கார்ந்திருக்கிறதும் கிடைச்சுது."

"ஐயையோ, அதைத் திறக்காதீங்க!"

"விழாமப் பிடிச்சுக்கிட்டே வர்றது வீட்டம்மாவா?"

"மூடுங்க சொல்றேன்."

"மூடறேன். ஆனா முந்நூறு போட்டோ, எட்டு வீடியோ. என் டிஸ்க்கே நிரம்பிப்போச்சு. காலையிலிருந்து வரைஞ்ச படத்தை சேவ் பண்ண இடமில்லை. நீங்க கிளம்புங்க, வேற யாராவது மெஷினைப் பாருங்க."

அஞ்சு நிமிஷத்தார் அசரவில்லை. அட்டவணையை மட்டும் தனியே எடுத்து முறையான இடத்தில் வைத்தார். அப்போதுதான் அடுத்த சிக்கல் கண்ணில் பட்டது. இந்த லைப்ரரி வேறு பல சின்ன லைப்ரரிகளின் தயவில் ஓடுவது. அவற்றின் பட்டியலையும் பேக்கேஜில் எழுதித்தர வேண்டும். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தன் சமையலறையில் கை போகிற இடத்திலேயே உப்பு இருக்கிறவர், செய்முறை எழுதும்போது உப்பை மறந்துவிடுவது போலத்தான். தெரிந்த பெயர்களையெல்லாம் எழுதி, 'எல்லாவற்றிலும் ஆகப் புதிய பதிப்பை இறக்கிக்கொள்' என்று ஒரு குறிப்பும் போட்டார். புதியது எப்போதும் நல்லதுதானே?

நேரே வரவேற்பறைக்குப் போனார்.

"சார், இது வாசக் கதவைத் திறந்து மூடற கம்ப்யூட்டர்" என்று வரவேற்பாளர் கையை நீட்டி மறித்தார்.

"கதவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. அஞ்சே நிமிஷம்."

உண்மையிலேயே ஐந்து நிமிஷத்தில் ஏறியது. அஞ்சு நிமிஷத்தார் கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார். வரவேற்பாளர் வாசலைக் காட்டினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கையில் தேநீர்க் கோப்பையுடன் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அட்டையை வைத்துவைத்து எடுத்தார். கதவு அசையவில்லை.

"சார், கதவோட புரோகிராம் ஏதோ ஒரு பழைய லைப்ரரியைத் தேடுதாம்."

"பழசா? இப்பதானே எல்லாத்தையும் புதுசா மாத்தினேன்!"

"அதான் சார் தேடுது."

மேலாளர் உதடு அசைவது தெரிந்தது; சத்தம் வரவில்லை. அஞ்சு நிமிஷத்தார் விரல் ஐந்தையும் விரித்துக் காட்டினார். மேலாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியில் ரயில் டிக்கெட்டை எடுத்துக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திக் காட்டினார்.

அஞ்சு நிமிஷத்தார் அவசர அவசரமாக எல்லாவற்றையும் நீக்கினார். நீக்குகிற நிரலும் அவரே எழுதியதுதான். அது, பேக்கேஜ் கொண்டுவந்ததோடு நிற்காமல் கண்ணில் பட்டதையும் சேர்த்துத் துடைத்தது. கதவு திறந்தது. அதற்குப் பிறகு அது மூடவே இல்லை. காவலாளி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இனி இந்த ஆபீஸ்ல யார் மெஷினையும் நீங்க தொடக்கூடாது" என்றார் உள்ளே வந்த மேலாளர்.

"அப்ப எதுல சார் டெஸ்ட் பண்றது?"

"போன வாரம் வாங்கினது ஒண்ணு பெட்டியைக்கூடப் பிரிக்காம இருக்கு. சிஸ்டம் பார்க்கிற பொண்ணுகிட்டக் கேளுங்க. மணி மூணரை. அதுல ஏறலைன்னா ரயில் ஏறணும்."

அலுவலகக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண், கேபிள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் விசாரித்தது கணினியைப் பற்றி இல்லை.

"அக்கா எப்படி இருக்காங்க சார்?"

"இன்னிக்கோ நாளைக்கோங்கிற மாதிரி இருக்காம்மா."

"இந்த நேரத்துல போய் உங்களை அனுப்பறாங்களே! ஒரு மணி நேரம் குடுங்க சார். பெட்டியைப் பிரிச்சு, நல்லா ரெடி பண்ணித் தரேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் அஞ்சு நிமிஷத்தார் பட்டியலை மறுபடி எழுதினார். எந்தச் சின்ன லைப்ரரிக்கு எந்தப் பதிப்பு என்று எண்ணோடு குறித்தார். நடுவில் மனைவி கூப்பிட்டார்.

"என்னங்க, பையை எடுத்து வைக்கட்டுமா வேண்டாமா?"

"எந்தப் பை?"

"உங்க ஸ்வெட்டர் பை. ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வச்சுப் பத்து நாளாச்சு."

"வேண்டாம். நான் போகப்போறதில்லை."

"நிச்சயமாவா?"

"அஞ்சே…"

"அதை மட்டும் சொல்லாதீங்க. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்குங்க. இதை உங்ககிட்ட இல்லாம வேற யார்கிட்டச் சொல்வேன்?"

கைப்பேசியை வைத்த பிறகு அவருக்கும் பயமாக இருந்தது. இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாக, தன் பட்டியலில் என்னென்ன விட்டுப்போயிருக்குமோ என்று நினைத்துப் பார்த்தார். நினைத்தது பிடிக்காமல், நினைப்பதை உடனே நிறுத்திக்கொண்டார்.

நாலே முக்காலுக்குப் புதுக் கணினி கூட்ட அறை மேசைக்கு வந்தது. திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூட உரியவில்லை. வடிவமைப்பாளர் வந்தார், வரவேற்பாளர் வந்தார், காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க" என்று அஞ்சு நிமிஷத்தாரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு மேலாளரே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் அந்த ஒரு வரியைத் தட்டினார். எழுத்துகள் ஓடின. ஓரிடத்தில் நின்றன. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி ஓடி, 'நிறுவியாயிற்று' என்று முடிந்தன.

"ஆயிரம் பெட்டி குடுத்துப் பாருங்க சார்!"

கொடுத்தார். இரண்டு நொடியில் ஆயிரம் பெட்டிக்கும் அடுக்கு சொல்லியது. ஒரு பிழைச்செய்திகூட இல்லை.

வடிவமைப்பாளர் கைதட்டினார். மேலாளர் எழுந்து அஞ்சு நிமிஷத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை என்னமோன்னு நினைச்சுட்டேன். பெரிய ஆள்தான் நீங்க."

அங்கேயே டிக்கெட்டை ரத்து செய்தார். பேக்கேஜைக் கிடங்குக்கு அனுப்பினார். அவர்களைக் கூப்பிட்டு, "எங்க ஆள் யாரும் வரமாட்டாங்க. நாளைக்குக் காலையில நீங்களே ஒரு வரி தட்டுங்க, ஏறிடும். அதுக்கு நான் பொறுப்பு" என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பக்கமும் ஒரே சந்தோஷம்.

அஞ்சு நிமிஷத்தார் மனைவியைக் கூப்பிட்டார். "பையை எடுத்து வைக்க வேண்டாம். இந்த மாசம் முழுக்க வீட்லதான்." மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. அவருக்கும் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"சொந்த மெஷின்ல ஓட வைக்கிறது ஒரு பெரிய விஷயமே இல்லை. அது யார் எழுதினாலும் ஓடும். பேக்கேஜ் சரியா இருந்தாத்தான் அடுத்தவங்க மெஷின்ல ஓடும். எது எது வேணும்னு ஒண்ணு விடாம யோசிச்சு எழுதணும். அதுக்குத் தனி மூளை வேணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சிஸ்டம் பார்க்கும் பெண் மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து தன் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உனக்குத்தாம்மா முதல்ல நன்றி சொல்லணும். நல்ல நேரத்துல மெஷினைத் தயார் பண்ணிக் குடுத்தே."

"நன்றியெல்லாம் எதுக்கு சார்?" என்று அவர் வெட்கத்தோடு எழுந்தார். "அக்கா இப்படி இருக்கிறப்ப நீங்க ஒண்ணுமில்லாத மெஷினோட மல்லுக்கட்ட வேண்டாமேன்னுதான், உங்க மெஷின்ல இருந்ததை ஒண்ணு விடாம அப்படியே இதுல காப்பி பண்ணிக் கொண்டுவந்தேன்."