ஏபிஎஸ் இல்லாத மாப்பிள்ளை

“பிரேக்ல ஏபிஎஸ் இல்லாத வண்டியில என் பொண்ணு ஏற மாட்டா.”

ஆடிட்டர் இப்படிச் சொன்னதும், அம்மாவோடு பெண் கேட்டு வந்திருந்த பல் டாக்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மெதுவாத்தான் ஓட்டுவேன், மாமா. அதோட இன்னொரு விஷயம்...”

“மாமாங்கிறதெல்லாம் அப்புறம். ஈரத் தரையில திடீர்னு பிரேக் பிடிச்சா சக்கரம் சுத்தாம பூட்டிக்கும். பூட்டின சக்கரம் வழுக்கும். ஏபிஎஸ் இருந்தா, பூட்டப் போகுதுன்னு சென்சார் கண்டுபிடிச்சு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் தெருவுல விழுந்ததில்ல.”

இவ்வளவும் அன்று காலைச் செய்தித்தாளில் படித்தது. படிப்பு, குணம், குடும்பம் எதிலும் குறை கிடைக்காமல் தவித்தவருக்கு, வாசலில் நின்ற பழைய மோட்டார் சைக்கிள்தான் கைகொடுத்தது.

மகள் போய்விட்டால் வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். இப்போதே, அவள் வேலைக்குப் போன பகல்களில் சமையலறைக் குழாய் சொட்டுவதுதான் பேச்சுத்துணை. அதனாலேயே அதை அவர் பழுது பார்க்கவில்லை. ஆனால் ‘போகாதே’ என்று பெற்ற பெண்ணிடம் கெஞ்சுவது அவர் பரம்பரையில் இல்லாத வழக்கம்.

அடுத்த வாரமே டாக்டர் வண்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“ஏபிஎஸ் இருக்கா?”

“இருக்கு, மாமா.”

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். “முன் சக்கரத்துக்கு மட்டுந்தான் இருக்கு. என் பொண்ணு உக்காரப் போறது பின்னாடி. பின் சக்கரம் என்ன பாவம் பண்ணிச்சு?”

“அப்பா, அவர் என்ன சொல்ல வந்தார்னா...” என்றாள் மகள்.

“எல்லாம் எனக்குத் தெரியும்.”

மறு வாரம் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டி வந்தது. பின்னால் டாக்டரின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆடிட்டர் வேகமாகப் படியிறங்கி வந்தார்.

“வாயால சொன்னா ஆச்சா? நானே ஓட்டிப் பார்க்கணும்.”

“நீங்க வண்டிய தொட்டே பல வருஷம் ஆச்சேப்பா.”

“நீச்சல் மறக்குமா?”

தாமே வாளி வாளியாகத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார். விறைத்த முதுகோடு ஏறி, வேகமெடுத்து, ஈரத்தில் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் வழுக்கவில்லை. பிரேக் மட்டும் கைக்குள் படபடவென்று துடித்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து, கையையும் காலையும் ஒருசேர எடுத்துவிட்டார். வண்டி ஒருபக்கமாகப் போய் எதிர்வீட்டு வேலிக்குள் புகுந்து, அவரைத் தெருவில் உருட்டிவிட்டது.

டாக்டர் ஓடி வந்து தூக்கினார். “துடிச்சா விடக் கூடாது, மாமா. அது வேலை செய்யுறதுக்கு அடையாளமே அதுதான். அழுத்திப் பிடிச்சிட்டே இருக்கணும்.”

ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. பரம்பரையில் முதன்முதலாக ஒருவர் தெருவில் விழுந்தாகிவிட்டது. ஆடிட்டர் சட்டையில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். இனிச் சொல்ல ஒரு குறையும் மிச்சமில்லை.

“சரி, கூட்டிட்டுப் போங்க” என்றார், மகளைப் பார்க்காமல். “எனக்குத் தனியா இருக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல.”

டாக்டரின் அம்மா விழித்தார்.

“எங்கேண்ணா கூட்டிட்டுப் போறது? அப்பாவை விட்டு வரவே மாட்டேன்னு உங்க பொண்ணு முதல்லயே சொல்லிட்டா. உங்க மாடியறையில இவனுக்கு இடம் கிடைக்குமான்னு கேக்கத்தானே இத்தனை நாளா நடையா நடக்கிறோம்.”