ஈரச்சாக்கு வாழ்த்து அட்டை

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன்.

முதலாவது: மணமான மூன்றாம் நாள், 'போர்முரசு' என்ற பெயரில் நான் எழுதிய தொழிற்சங்கத் துண்டறிக்கைகளை என் மனைவி அலமாரித் தட்டுகளில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கினாள். இரண்டாவது: ஆலை வாசலில் நான் உண்ணாவிரதம் இருந்தபோது, எதிரே வந்து நின்று, "என்னங்க, சாப்பாடு சூடா இருக்கு" என்று கூவினாள். மூன்றாவது: நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை.

"இனிமே வீட்டு வேலையில பாதி உங்களுது."

எட்டு மேலாளர்களைப் பணியவைத்தவன் நான். எழுந்து நின்றேன். "எனக்கு ஒரு வேலையும் தெரியாது. தெரியாத வேலையைத் திணிப்பது அடக்குமுறை!"

"தெரியும்னு நான் நிரூபிச்சா?"

"நிரூபி. அன்னைக்கே செய்றேன்."

சவால் விட்டாயிற்று. அந்தக் கோரிக்கையை அவளே கைவிட வேண்டும். முப்பதாவது திருமண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையாலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்து அவளை உருக்கிவிடத் தீர்மானித்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"என்ன எழுதப் போறீங்கண்ணே?"

"அவ பிறந்த ஊர்ப் பேச்சு. கேட்டா உருகிடுவா."

"உங்களுக்கு அது தெரியுமா?"

"அவளுக்கே கோபம் வந்தாத்தான் வாயில வரும்."

"அப்ப கோபப்படுத்துங்க. அது உங்களுக்குப் புதுசா என்ன!"

மறுநாளே பாத்திரம் கழுவப் போனேன். இரண்டு தம்ளர்கள் உடைந்தன. "ஈரச்சாக்கு!" என்றாள். போட்ட இடத்தில் கிடக்கும் ஆளுக்கு அவள் ஊரில் அதுதான் பெயராம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டேன். துணி துவைத்தேன். "முட்டுக்கட்டைக்கு மூக்குத்தி போட்ட மாதிரி!" வீடு கூட்டினேன். "கொக்கு நடையில கோட்டை கட்டுறார்!" மூன்றாம் வாரம் வேலை கைவந்துவிட்டது, திட்டு வறண்டுவிட்டது. வேண்டுமென்றே வாளியைக் கவிழ்த்துத்தான் கடைசி இரண்டு வசவுகளைப் பெற்றேன்.

ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட அச்சேற்றியவன் அல்ல நான். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நாள், இடம், சூழல். அட்டையின் முகப்பில் ஓர் ஈரச்சாக்கு. அதன் வாயில் ரோஜா.

திருமண நாளன்று அவளுடைய அண்ணனும் தையல்காரர் தம்பதியும் வந்திருந்தார்கள். அட்டையை நீட்டினேன். அவள் கண் கலங்கியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எல்லாரும் கேளுங்க. 'மூன்றாம் தேதி, சமையலறை: பாத்திரம் கழுவியபோது. ஒன்பதாம் தேதி, மொட்டை மாடி: பதினான்கு துணிகளைத் துவைத்துக் காயப்போட்டபோது...'"

"ஏய், அதை விடு! உங்க ஊர்ச் சொல்லைப் படி!"

"அதைச் சொன்னதே நான்தானே! காதுல பென்சிலோட ஒருத்தர் பாத்திரம் கழுவினா எதுக்குன்னு தெரியாதா? முப்பது வருஷத்துல திட்டாததை இந்த மாசம் ஏன் திட்டினேனாம்?"

"மாப்பிள்ளைக்கு எல்லா வேலையும் தெரியுது போலிருக்கே!" என்றார் மச்சான்.

"கையெழுத்தே போட்டிருக்கார்ணா" என்று அவள் அட்டையைத் தூக்கிப் பிடித்து, சாட்சிகள் மூவருக்கும் கேட்கும்படி கடைசி வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்:

"'மேற்கண்ட வேலைகள் அனைத்தையும் செய்தது நானே என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, போர்முரசு.'"