மூன்று லம்பாங் வயிறுகளும் என் சாப்பாட்டுச் சுற்றுலாவும்

பாங்காக்,
ஆற்றங்கரைச் சந்தைக்குப் பின்சந்து.

வடக்கே லம்பாங்கில் வாழும் மதிப்புக்குரிய சந்தரா அக்காவுக்கு, தம்பி தவீ கைகூப்பி எழுதிக்கொள்வது. புத்தர் அருளால் இங்கே நான் நலம், வயிறு மட்டும் நலமில்லை. அங்கே நீயும் அத்தானும் உன் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ கொடுத்தனுப்பிய பன்றித்தோல் வறுவல் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் போனில் என்ன சொன்னாய்? “டேய் தவீ, சாயங்காலம் மைதானத்துல என்கூட உடற்பயிற்சி ஆட்டம் ஆடுற மூணு பேரு பாங்காக் வராங்க. பெரிய ஊரைப் பார்த்ததில்ல, பாவம். நல்ல கடையாப் பார்த்துக் கூட்டிட்டுப் போய் சாப்பிட வைடா.” அவ்வளவுதான் சொன்னாய். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நான் யார்? வேலையில் இருந்த காலமெல்லாம் படகுத்துறையில் நின்று விசில் ஊதியே படகுகளைக் கரை சேர்த்தவன். மழைக்கால வெள்ளத்தில் அவ்வளவு பெரிய படகையே ஒட்டி நிறுத்தியவனுக்கு மூன்று பெண்களைச் சாப்பிடக் கூட்டிப் போவது ஒரு வேலையா என்று நினைத்தேன். உன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று, அவர்கள் வருவதற்கு முதல் நாளே எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சுவை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பன்றிக்கால் சோறு, சிப்பி ஆம்லெட், மீன் உருண்டை நூடுல்ஸ், வறுத்த வாத்து. ஒரு வாய் போதும் என்றால் எவன் விடுகிறான்? “என்ன தவீ, என் கடையில சந்தேகமா? முழுத் தட்டும் சாப்பிட்டாத்தான் தெரியும்” என்று ஒவ்வொருவனும் ஊட்டாத குறை. அதன் பலனை இரவெல்லாம் வீட்டின் பின்கட்டில் அனுபவித்தேன். காலையில் ரயில் நிலையத்தில் அவித்த முட்டைக்கோஸ் மாதிரி நின்றேன் அக்கா.

ரயில் வந்தது. முதலில் பென்ஸ்ரீ அக்கா குடையோடு இறங்கினார், படைத்தளபதி மாதிரி. அடுத்து நுவான், வாயில் எதையோ மென்றபடி. கடைசியாக இறங்கினாள் கன்னிகா. கையில் பெரிய மூங்கில் கூடை, அது நிறைய ஒட்டரிசிச் சோறு, மேலே ஒரு டப்பா பச்சை மிளகாய்த் துவையல். பஞ்சத்தில் அடிபட்ட ஊருக்கு வந்த மாதிரி!

“ஏம்மா, பாங்காக்ல சோறு கிடைக்காதா?” என்றேன்.

“கிடைக்கும்ண்ணே. கையில ஒட்டுமா?” என்றாள்.

முதல் கடை நம் ஹெங்கின் பன்றிக்கால் சோற்றுக் கடை. மூவருக்கும் தட்டு வந்தது. நான் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்னிகா பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“அண்ணே, நீங்க ஏன் சாப்பிடல?”

“வயிறு கொஞ்சம் சரியில்லம்மா.”

“அச்சச்சோ. நேத்து எங்க சாப்பிட்டீங்க?”

“இங்கதான்.”

மூன்று ஸ்பூன்களும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. பக்கத்து மேசைக்காரன் ஸ்பூனும் இறங்கியது. ஹெங் வெட்டுக்கத்தியோடு வெளியே வந்தான். “தவீ! உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்? எத்தன வருஷப் பழக்கம்! கடை நெறைய ஆளு உக்காந்திருக்கறப்ப இப்படிச் சொல்றியே!” அவன் மானத்தைக் காப்பாற்ற அங்கேயே, எல்லார் கண்ணெதிரிலும், ஒரு முழுத் தட்டு நான் சாப்பிட வேண்டியதாயிற்று. அடுத்தது சிப்பி ஆம்லெட் கடை. அங்கே கன்னிகா கைகட்டி உட்கார்ந்துகொண்டு, “மொதல்ல அண்ணன் சாப்பிடட்டும். உசுரோட இருந்தா நாம சாப்பிடலாம்” என்றாள். வாத்துக் கடையிலும் இதே நிபந்தனை. இப்படியாக முதல் நாள் வயிற்றைக் கெடுத்ததையே மறுநாளும் கடை கடையாகச் சாப்பிட்டவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான்.

சரி, அத்தோடு போயிற்றா? மீன் உருண்டைக் கடைக்குத் திரும்பும் முனையில் பார்த்தால் கன்னிகாவைக் காணோம். கூட்டம் வேறு. உன் சிநேகிதியைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு உனக்குச் சொல்வது? பழக்கதோஷத்தில் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன். படகை ஒட்டுகிற ஊதல்தான், குட்டை குட்டையாக. இந்த ஊரில் கார் நிறுத்துகிற ஆட்களும் அப்படித்தான் ஊதுவார்கள் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு எங்கே ஞாபகம் வரும்? ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்தது. நான் இன்னும் பதறி இன்னும் ஊத, அது இன்னும் வந்தது. மீன் உருண்டைக் கடையின் பிளாஸ்டிக் முக்காலிக் கோபுரத்தின் மேல் ஏறி, நசுங்குகிற சத்தம் கேட்டபிறகுதான் நின்றது. யாருக்கும் அடியில்லை, புத்தர் காப்பாற்றினார். கார்க்காரன் இறங்கிக் கத்தினான்: “நீதானேய்யா வா வான்னு ஊதின? வந்தா மூஞ்சியப் பாரு, பேயப் பார்த்தவனாட்டம்!” கடைக்காரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த வண்டிய நீயே வெளிய எடுத்துவிட்டுட்டுத்தான் நகரணும்” என்றாள். விசில் ஊதியே எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து இன்னொருவன் காரை நிறுத்தித் தரச் சொன்னான். பிறகு இன்னொருவன்.

நடு ரோட்டில் நான் வேர்த்துக் கொட்டி நிற்க, அங்கே கன்னிகா என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? எதிர்ச்சாரியில் பப்பாளிக்காய்ச் சாலட் இடித்து விற்கிற வண்டியில், கடைக்காரன் கையிலிருந்த உலக்கையைப் பிடுங்கி அவளே இடித்துக்கொண்டிருந்தாள்! “இது என்னப்பா, பல்லில்லாதவனுக்கு இடிக்கிற மாதிரி தடவிக் குடுக்கற? உப்பு எங்க, புளிப்பு எங்க?” கடைக்காரன் பணம் வாங்கிப் போடுகிறான். வாங்குகிறவர்கள் வரிசை திருப்பம் வரை நீள்கிறது. என் திட்டத்தில் அந்த வண்டியே கிடையாது!

ஒருவழியாக எல்லாரையும் சேர்த்து மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் விற்கிற கடையில் உட்கார வைத்தேன். அதுவரை வாயைச் சாப்பிட மட்டுமே திறந்த நுவான் அப்போது பேசினாள்.

“பல்லு எல்லாம் சொந்தப் பல்லுதானா?”

“மாம்பழத்துக்கு எதுக்கும்மா பல்லு?”

“ஒங்க பல்லக் கேட்டேன்.”

பென்ஸ்ரீ அக்கா மேசைக்கடியில் அவளை எட்டி உதைத்தார். உதை எனக்கு விழுந்தது. பிறகு அவர் வாயிலிருந்தே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. “சந்தராதான் சொன்னா தம்பி. தம்பியும் தனியா இருக்கான், நம்ம கன்னிகாவும் தனியா இருக்கா, சாப்பிடற சாக்குல ஒரு தடவ பார்த்துட்டு வாங்கன்னு.” அக்கா! சுற்றுலா காட்டுவது நான் என்று நினைத்திருந்தேனே, சுற்றிப் பார்க்கப்பட்டதே நான்தானா? கன்னிகாவைப் பார்த்தேன், வெட்கப்படுவாள் என்று. அவள் இரண்டாவது தட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு ரயில் ஏறறப்பவே தெரியும்ண்ணே. டிக்கெட் எடுத்துக் குடுத்தாங்க, வந்தேன்” என்றாள்.

திரும்பும் படகில் என் வயிறு மறுபடி முறுக்கியது. கன்னிகா கூடையைத் திறந்து, ஒரு பிடி ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, உப்பு தொட்டு என் கையில் வைத்தாள். “வேற எதுவும் தின்னாதீங்க. இத மெதுவா மெல்லுங்க.” மென்றேன். வலி அடங்கியது. என் வீட்டுக்காரி மாலீ கண்மூடிய பிறகு என் கையில் யாரும் சோறு வைத்ததில்லை. ஆனால் அது வேறு விஷயம்.

ஆகவே அக்கா, தீர்மானமாகச் சொல்கிறேன். இந்தக் கல்யாணம் நடக்காது. எனக்கு என் ஒற்றைத் தட்டும் ஒற்றை நாற்காலியும் போதும். கண்ட கடையில் உலக்கையைப் பிடுங்குகிற பெண்ணோடு என்னால் குடித்தனம் பண்ண முடியாது. அவளிடம் நயமாகச் சொல்லிவிடு, மனம் நோகாமல். அழுதால் ஆறுதல் சொல். இனி உன் ஆட்டக் கூட்டத்திலிருந்து ஒருத்தரையும் இந்தப் பக்கம் அனுப்பாதே.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலி நீங்கி, நீ நூறு வயது வரை மைதானத்தில் ஆட, அனுதினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்ளும்,

அன்புத் தம்பி
தவீ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பென்ஸ்ரீ அக்கா போன் செய்தார். கன்னிகா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்! “நாலு கடை தாங்காத வயிறு, லம்பாங் மொளகாயத் தாங்குமா?” என்று கேட்டாளாம். என்ன திமிர் அக்கா! என்னிடம் அப்படி என்ன குறையைக் கண்டாள்? இதை நேரில் கேட்காமல் விடப் போவதில்லை. வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மாடியறையைப் பெருக்கி வை. அவளுக்கு வாத்து வறுத்தால் பிடிக்குமா, வேகவைத்தால் பிடிக்குமா என்று மட்டும் விசாரித்துச் சொல். நான் கேட்டேன் என்று சொல்லாதே. சொன்னாலும் ஒன்றுமில்லை.