என் முதுகைப் பார்க்க ஒரு காமிரா

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டியவன், யூனிபார்ம் தையற்கூடத்துக் கட்டிங் மாஸ்டர், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். தங்கள் தங்கை நலம். மகள் நலம். என்னைப் பற்றி உறுதியாக எழுத ஒரு காமிரா தேவைப்படுகிறது. அதை முன்னிட்டே இக்கடிதம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் தங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்று, நான் சொன்னதையெல்லாம் சொல்லாததாகவும் சொல்லாததையெல்லாம் சொன்னதாகவும் திருத்திவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. மகளிடம் தனியாகக் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் எங்களுக்கு ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கிக் கொடுத்தீர்கள். சோப்பு டப்பா அளவில், வெள்ளி நிறத்தில். மகளின் பள்ளி ஆண்டுவிழா, உங்கள் வீட்டு மாடிப்படி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் நான் என்று எல்லாவற்றையும் அது எடுத்தது. பிறகு போன் வந்தது, காமிரா பீரோவுக்குப் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை மறுபடி வெளியே எடுக்க வைத்தவர் எங்கள் இஸ்திரிக்காரர். அன்றைக்குத் தையற்கூடத்தில் ஃபேன் ஓடவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜை மேல் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து, "மாஸ்டர், முதுகுல பட்டன் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று நகத்தால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். "இது உங்களோடதுதான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முப்பது வருஷமாக ஊரான் முதுகையெல்லாம் டேப் வைத்து அளந்தவனுக்கு, தன் முதுகில் ஒரு கறுப்பு மச்சம் உட்கார்ந்திருப்பது இஸ்திரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

தங்கள் தங்கை உடனே என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா ஒரு பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா வளருதா, நிறம் மாறுதான்னு கவனிக்கணும். மாசம் ஒரு தடவை போட்டோ எடுத்து வைங்க. ஒரே காமிரா, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். பக்கத்துல அளவுக்கு ஒரு ஸ்கேல் வெச்சுக்கோங்க" என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். 'பயப்பட ஒண்ணுமில்லை' காதில் விழுந்ததுமே நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். மீதியைத் தங்கள் தங்கை கேட்டுக்கொண்டாள்.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, காலை பத்து மணி, பின்னறை ஜன்னல். நான் நிற்கவேண்டிய இடத்தில் என் பாதங்களைச் சுற்றித் துணி வெட்டும் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். தங்கள் தங்கை நிற்கும் இடத்திலும் அவள் பாதத்துக்குக் கோடு. பிளாஸ்டிக் ஸ்கேல் வியர்வையில் வழுக்கியது, ஆகவே என் பழைய டேப்பில் ஒரு இஞ்ச் வெட்டி மச்சத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம். பிறகு மகளுடைய கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு நான் அளப்பேன். இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு படம், முப்பத்தாறு தடவையும் இரண்டு நூல். அளந்து முடித்ததும் ஒரு மாதத்துக்கு நான் மனிதனாக நடமாடுவேன். முப்பதாம் தேதி வாக்கில் மறுபடி சாப்பாடு இறங்காது.

காமிராவுக்கும் வயசாகிக்கொண்டுதான் வந்தது. லென்ஸ் பாதி வந்து நின்றுவிடும், உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் மீதியும் வரும். திரையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. பாட்டரி மூடி உடைந்து, அதை ஒரு ரப்பர் பேண்டால் கட்டி, அந்த ரப்பர் பேண்டை யாரும் தொடக்கூடாது என்று தங்கள் தங்கை சட்டம் போட்டிருந்தாள். மூன்று வாரம் முன்பு, முதல் ஞாயிறு, நான் வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்து நிற்கிறேன். கிளிக் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. "என்ன?" என்றேன். "என்னடி?" என்றேன். "செத்துப்போச்சு" என்றாள். முதுகைக் காட்டி நிற்கிற ஒரு மனுஷனிடம் சொல்லுகிற வார்த்தையா மச்சான் அது? "காமிராங்க" என்று அப்புறம் சொன்னாள். மறுநாள் அவளே ரிப்பேர்காரரிடம் எடுத்துக்கொண்டு போனாள், அவர் கையை விரித்துவிட்டாராம்.

அதிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. ஒரே காமிரா என்றார் டாக்டரம்மா. அந்த ஒரே காமிரா போய்விட்டது. மகள் சொன்னாள், "அப்பா, இந்தக் காலத்துல யாருப்பா தனியா காமிரா வாங்குறாங்க? என் போன்லயே எடுக்கலாம்." எடுத்தாள். பார்த்தேன். மச்சான், மச்சமே இல்லை. குழந்தை முதுகு மாதிரி வழவழவென்று இருக்கிறது. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் தங்கையிடம் ஒரு காப்பி கேட்டு, சர்க்கரை கூடப் போடச் சொல்லி, அதைக் குடித்து முடிக்கும்வரை என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்தத் தெருவில் கிடையாது. டம்ளரைக் கீழே வைக்கும்போது மகள் மெதுவாக வந்து, "அப்பா, அழகாக்குறது ஆன்ல இருந்துச்சு. அது பருவையெல்லாம் அழிச்சிடும். நான் ஆஃப் பண்ணிட்டு எடுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் மாடி வீட்டுக் கல்யாண போட்டோக்காரர். "நம்மகிட்ட பெரிய காமிராவே இருக்கே சார்" என்று லைட்டு, குடை, ஸ்டாண்டு எல்லாவற்றோடும் இறங்கி வந்துவிட்டார். பின்னறையில் சாக்பீஸ் கோடெல்லாம் அவர் காலில் அழிந்துபோனது. "சார், இடது தோளைக் கொஞ்சம் இறக்குங்க. ரிலாக்ஸா இருங்க. லேசா சிரிங்க" என்றார். முதுகைத்தானே எடுக்கிறீர்கள், சிரித்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். "பழக்கம் சார், சொல்லலைன்னா கை ஓடாது" என்றார். நானும் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சிரித்தேன். படம் வந்தது. அதில் ஒவ்வொரு முடியும் கயிறு தடிமனுக்கு இருந்தது, மச்சம் ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. மனுஷன் அதைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு வேறு கொண்டு வந்து கொடுத்தார். நான் பார்த்துவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் தங்கை பிரிண்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, "அது காமிராங்க. அவர் காமிரா எதையும் பெரிசாத்தான் காட்டும். நாம நல்ல சின்னக் காமிராவாத் தேடலாம்" என்றாள்.

சரி என்று பழைய காமிரா விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எதுக்கு சார், டூருக்கா?" என்றார். வீட்டுக்கு என்றேன். "வீட்ல குழந்தை இருக்கா?" "இல்லை. முதுகு." அவர் என்னை விட்டுவிட்டு உங்கள் தங்கையைப் பார்த்தார். "அவர் முதுகுதாங்க" என்று இவளும் சொன்னாள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். நம்முடைய அதே மாடல் ஒன்று அவரிடம் இருந்தது. புதுசாக இன்னொன்றும் பெட்டியோடு இருந்தது. "இது உள்ளதை உள்ளபடி காட்டும் சார்" என்றார் புதுசைத் தட்டிக்கொடுத்து. சோதிக்காமல் எப்படி வாங்குவது? கடையிலேயே சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்தவர் ஒருவர், இங்கே முறை இதுதான் போலிருக்கிறது என்று தானும் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார். அவரைக் கடைக்காரர் தடுப்பதற்குள் மேல் இரண்டு பட்டன் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். ஏனென்றால் அதே மாடலில் எடுத்த படத்தைத் திரையில் பெரிசாக்கி நான் அளந்தபோது, இரண்டரை நூல் காட்டியது. புதுசிலும் இரண்டரை.

வீட்டுக்கு வந்து விடிய விடிய யோசித்தும் பிடிபடாதது, மறுநாள் கட்டிங் மேஜையில் பிடிபட்டது. டேப். பழைய டேப் துண்டு போன மாதம் துணியோடு துணியாகச் சோப்புத் தண்ணியில் போய்விட்டது, இப்போது ஒட்டுவது புது டேப்பில் வெட்டிய துண்டு. டேப் பழசானால் இழுத்துக்கும், தையல்காரன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். இழுத்துக்கிட்ட டேப்பில் இஞ்சே பெரிசு, பெரிய இஞ்சுக்குப் பக்கத்தில் மச்சம் சின்னதாகத்தான் தெரியும். ஆக மச்சம் ஆரம்பத்திலிருந்தே இரண்டரை நூல்தான், வளரவே இல்லை. ஓடிப்போய் உங்க தங்கைகிட்ட சொன்னேன். "ஆமாங்க, டேப்புதான்" என்றாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் 'ஆனா' போடாமல் அவள் நான் சொன்னதை ஒத்துக்கிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு நிம்மதி. அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு இஞ்சுக்கு எவ்வளவு தாராளமாக டேப் இழுத்ததாக வெச்சுக்கிட்டாலும் அரை நூலும் சரிக்கட்டலை. கொஞ்சம் மிச்சம் நிக்குது. அந்த மிச்சத்தைக் காமிரா தலையில் கட்டினேன். காமிராவும் அதே மாடல்தானேன்னு மனசு கேட்டது. அந்த யோசனையிலேயே அன்னைக்கு நாற்பது சட்டைக்கு இடது கை வெட்டிட்டேன், வலது கை ஒண்ணுகூட இல்லை. முதலாளி கையை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டு, "மாஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமல்தான் நான் மூணு வாரமா அலையறேன்.

மறைக்காமல் சொல்றேன் மச்சான், எனக்குப் பயமா இருக்கு. உள்ளதை உள்ளபடி காட்டுற காமிரா எனக்கு வேண்டாம். இரண்டு நூல் காட்டுற காமிரா எங்கேயாவது கிடைச்சா அதுதான் வேணும். மகளுக்கு இன்னும் படிப்பு முடியலை. உங்க தங்கை இப்பல்லாம் என்னைக் கோபிக்கிறதே இல்லை, அதுவும் ஒரு மாதிரியா இருக்கு. நேத்து அவளே சொன்னாள், "புதன்கிழமை லீவு போட்டுடுங்க. காலையிலேயே போய் இதை ஒரேயடியா முடிச்சிட்டு வந்துடலாம்" என்று. நானும் சரின்னுட்டேன். அதே பழைய மாடலா, பெட்டியோடு இருக்கிற புதுசா, இரண்டில் எதை வாங்கலாம்? முதல் காமிரா உங்க கையால வந்தது, மூணு வருஷமா நல்ல சேதியா சொன்னது. அதனால இதையும் நீங்களே சொல்லணும். புதன்கிழமைக்குள் பதில் வந்தால் உத்தமம்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். குழந்தைகள் எல்லாப் பரீட்சையிலும் தேறி, நல்ல கண்பார்வையோடும் நல்ல முதுகோடும் நூறு வருஷம் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
கட்டிங் மாஸ்டர்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். அவர் கவரை மகள்கிட்ட கொடுத்தார், மகள் என்கிட்ட கொடுத்துட்டா. அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எழுதி ஒட்டணும்.

எந்தக் காமிராவும் வேண்டாம். பழைய காமிராவுக்கு ஒண்ணும் ஆகலை. அன்னைக்குப் படம் நல்லாவே விழுந்தது. அதுல மச்சத்தோட ஒரு ஓரம் கலைஞ்சு போயிருந்தது, நிறமும் அந்தப் பக்கம் வேறயா இருந்தது. வாயில வந்ததைச் சொல்லிட்டு, பாட்டரி ரெண்டையும் தலைகீழாப் போட்டு ரப்பர் பேண்டை மாட்டிட்டேன். நான் ரிப்பேர்காரர்கிட்ட போகவே இல்லை, டாக்டரம்மாகிட்டதான் போனேன். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனேம்மா" என்று கேட்டாங்க. நான் கூப்பிட்டப்பெல்லாம், படத்துலதான் மாறலையே எதுக்குன்னு இவர் சொல்லுவார், நானும் விட்டுட்டேன். அது என் தப்பு. மச்சத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணுமாம். எடுக்கறது சின்ன வேலைதான், அரை மணி நேரம்னாங்க. முடிவு வரப் பத்து நாள் ஆகும். தேதி இந்தப் புதன்கிழமைதான் கிடைச்சது. மூணு வாரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தா மனுஷன் ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார். எதையாவது தேடிக்கிட்டாவது இருக்கட்டும்னு காமிரா பின்னாலேயே அலைய விட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். நீங்க அதுக்குள்ள வந்துடணும். போன்ல சொன்னா அழுதுடுவேன், அவருக்குக் கேட்டுடும், அதனாலதான் இதுல எழுதறேன். மூணு வாரமா ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே தைரியமா இருந்துட்டேன். இதுக்கு மேல முடியலை, அண்ணா.