பேக்கிங் செக்‌ஷனில் ஒரு கடல்

கடலைப் பார்த்தாலே குமட்டும் மீனவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் குடியிருந்த பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. மற்றபடி கம்பெனி முழுக்க அவர் ‘நங்கூரம்’. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கிளப்புவது சிரமம் என்பதால் வந்த பெயர். சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். ஊர்க்காரர்கள் வாயில் அது சட்ராஸ். டச்சுக்காரர்களின் பழைய கோட்டை கடலோரம் இடிந்து கிடக்கிறதே, அந்த ஊர். பரம்பரையாக மீன் பிடிக்கும் குடும்பம். மீசை அரும்பியதும் இவரையும் கட்டுமரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். முதல் அலைக்குக் காலையில் குடித்த கஞ்சி வெளியே வந்தது. அடுத்த அலைக்கு முந்தின நாள் சாப்பிட்டது வந்தது. அதற்கடுத்த அலைக்கு உயிரே வந்துவிடும் என்று பயந்து, கரையில் கொண்டுவந்து போட்டுவிட்டார்களாம்.

அதோடு தச்சு வேலை கற்றுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தவர், எங்கள் ஊரில் வந்துதான் நின்றார். இங்கே அலை கிடையாது. பெரிய ஏரி ஒன்று உண்டு. அந்தப் பக்கமும் அவர் போக மாட்டார்.

நான் சொல்வது தொண்ணூற்றொன்று. பக்கத்து ஒரகடம் அன்று வெறும் முள்காடு. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் இன்றைய ஊரை அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அது வேறு கதை, துயரக் கதை. நான் சொல்ல வந்தது அது அல்ல.

எங்கள் கம்பெனி லாரிகளுக்கு அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டை செய்தது. நான் டைம் ஆபீஸில் கிளார்க். நங்கூரம் பேக்கிங் செக்‌ஷனில் மரப்பெட்டி அடிப்பவர். கம்பெனியில் மெஷின் ஷாப்காரர்கள் மேல்குடி. பேக்கிங்காரர்களை யாரும் ஒரு குடியாகவே எண்ணியதில்லை. ஆயுத பூஜைக்கு எந்த செக்‌ஷன் அலங்காரம் நன்றாக இருக்கிறதோ அதற்கு ஒரு பரிசு உண்டு. வருஷா வருஷம் அது மெஷின் ஷாப்புக்கே போகும். அங்கே பிள்ளையார் மோட்டாரில் தலையாட்டுவார், மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் பம்பிலிருந்து நீரூற்று பொங்கும். முந்தின வருஷம் மெஷின் ஷாப் சூப்பர்வைசர் ஏகாம்பரம் கேன்டீனில் எல்லார் எதிரிலும் சொன்னார்:

“பேக்கிங்குக்கு இன்னா பூஜை? சுத்திக்கு ஒரு பொட்டு, ஆணிக்கு ஒரு பொட்டு. முடிஞ்சிது.”

நங்கூரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சாம்பாருக்கு உப்பு இல்லை என்றால்கூடக் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுகிற மனிதர் தானாக எழுந்தார் என்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். தொண்ணூற்றொன்றாம் வருஷப் பூஜைக்கு அவர் மனைவி அஞ்சலை வேறு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பூஜை அன்று எல்லார் குடும்பமும் உள்ளே வந்து பார்க்கலாம். ஊரில் மீன் விற்கும் அஞ்சலை அதுவரை புருஷன் வேலை செய்யும் இடத்தைப் பார்த்ததே இல்லை.

பூஜை அலங்காரமாகச் சட்ராஸ் துறைமுகத்தைச் செய்யப்போவதாக நங்கூரம் அறிவித்தார். டச்சுக்காரன் காலத்துத் துறை. கோட்டை, மணல், கடல், நடுவில் பாய்மரக் கப்பல். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கும் துணி மூட்டைகள். இத்தனையும் அளவு குறைத்து, மரத்தில். கடலே ஒத்துக்கொள்ளாதவர் கப்பல் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவரிடம் ஒரு சித்தாந்தமே தயாராக இருந்தது.

“கப்பல்ல கேப்டன் கீறான், கோட்டையில துரை கீறான். எல்லாம் எயுதி வெச்சிகீறாங்க. மூட்டையைக் கட்டுனவன் எங்க தம்பி? கட்டாம கப்பல் எப்டி போயிருக்கும்?”

 

அன்றிலிருந்து எங்கள் அறை கப்பல் கட்டும் தளமானது. அவர் கட்டிலில் கப்பல் படுத்தது, அவர் தரையில் படுத்தார். கழித்துப்போட்ட பெட்டிப் பலகைதான் மரம். வாழ்நாளெல்லாம் பெட்டியே அடித்த கை என்பதால் முதல் கப்பலும் பெட்டியாகவே வந்தது. ஏகாம்பரம் வந்து பார்த்துவிட்டு, விலாசம் எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்றார். நங்கூரம் அதைப் பிரித்துப்போட்டு, பலகையை ஆவியில் வளைக்கத் தொடங்கினார். அறையில் இருந்ததோ ஒரே ஸ்டவ். பலகை வெந்தது, எங்கள் அரிசி வேகவில்லை. நாங்கள் எப்படியோ பன் தின்றே பிழைத்தோம். என் வேட்டி ஒன்று காணாமல் போனது. சில நாள் கழித்துப் பாய்மரத்தில் பார்த்தேன். கரையோரம் கிழியாமல் மடித்துத் தைத்திருந்தார். என்னிடம் இருந்தபோது அந்த வேட்டிக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. என் பேனா மூடிகள் பீரங்கிகளாயின.

மணல் மட்டும் சட்ராஸ் மணலாகத்தான் இருக்க வேண்டும் என்றார். செங்கல்பட்டு பஸ்ஸில் சாக்கு மூட்டையோடு ஏறியவரை, உள்ளே என்ன என்று கண்டக்டர் விசாரித்திருக்கிறார். கடற்கரை என்று பதில் சொல்லியிருக்கிறார் இவர். மூட்டையைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் பஸ் கிளம்பியதாம்.

கரை முழுக்கக் கட்டைவிரல் உயரத்தில் மனிதர்கள். ஒருவன் மூட்டை கட்டினான், ஒருவன் கயிறு முறுக்கினான், ஒருவன் பெட்டிக்கு ஆணி அடித்தான். கேப்டன் எங்கே என்று தேடினேன். பாய்மரத்துக்குப் பின்னால், மிளகு அளவில் நின்றுகொண்டிருந்தார்.

கப்பல் கம்பெனி வாசலுக்கு வந்தபோது செக்யூரிட்டி மறித்தார். உள்ளே எது வந்தாலும் கேட் பாஸ் வேண்டும். பொருளின் பெயர் என்ன என்றார். கப்பல் என்றார் நங்கூரம். செக்யூரிட்டி எழுதிக்கொண்டு, இது திரும்பிப் போகிற பொருளா, இங்கேயே இருக்கிற பொருளா என்று கேட்டார்.

“கப்பல்னா திரும்பித்தான் வரணும்யா,” என்றார் நங்கூரம். “இல்லன்னா பொண்டாட்டி புள்ளைங்க இன்னா பண்ணும்?”

செக்யூரிட்டி ‘திரும்பும்’ என்று எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

தகரத் தொட்டியில் நிஜத் தண்ணீர் ஊற்றி நீலம் கரைத்தோம். கப்பல் மிதக்குமா என்பதில் நங்கூரத்துக்கே சந்தேகம். கண்ணை மூடிக்கொண்டு கப்பலிலிருந்து கையை எடுத்தார். லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, மிதந்தது. ஆனால் கடல் அசையவில்லை. அலைக்கு பம்பு வேண்டும். பம்பு இருப்பதோ மெஷின் ஷாப்பில். நான்தான் ஏகாம்பரத்திடம் போய் நின்றேன். கெடுக்க நினைத்தாரோ, பார்க்கும் ஆசையோ, அவரே பம்பைத் தூக்கிக்கொண்டு தன் ஆட்களோடு வந்து மாட்டிக்கொடுத்தார்.

சுவிட்சைப் போட்டதும் சட்ராஸ் கடல் எழும்பியது. அலை வந்து கரையில் மோதியது, கப்பல் ஏறி இறங்கியது. எல்லாரும் கை தட்டினோம். நங்கூரம் மட்டும் தட்டவில்லை. அவர் முகம் வெளுத்து, பச்சையாகி, கை வாய்க்குப் போனது. தான் செய்த கடலே தனக்கு ஒத்துக்கொள்ளாமல் பெட்டிகளுக்குப் பின்னால் ஓடினார்.

பரிசுக்குப் பார்வையிடப் பெரிய மேனேஜர் வந்ததும் அப்போதுதான், தொட்டியின் மூலை விரிந்து தண்ணீர் பீறிட்டதும் அப்போதுதான். ஏகாம்பரமும் அவருடைய ஆட்களும் பாய்ந்து விரிசலைக் கையால் அடைத்தார்கள். மேனேஜர் பார்த்தார். இடுப்புவரை நனைந்த மெஷின் ஷாப் ஆட்கள் ஒரு கடலையே தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். மனம் நெகிழ்ந்து அங்கேயே பரிசை அறிவித்துவிட்டார். மெஷின் ஷாப்புக்கு.

ஏகாம்பரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர் அடுத்த செக்‌ஷனுக்குப் போய்விட்டார். பரிசாகக் கையில் கொடுத்த எவர்சில்வர் குடத்தை ஏகாம்பரம் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, தொட்டி ஒழுகும் மூலைக்கு அடியில் அதை வைத்தார். சாயங்காலம்வரை அது அங்கேயே இருந்தது. மெஷின் ஷாப்பிலிருந்து யாரும் எடுக்க வரவில்லை.

அஞ்சலை வந்தபோது நங்கூரம் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளுக்கிடையிலிருந்து வெளிப்பட்டார். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார், அலையைப் பார்த்தார்.

“வூட்டு வாசல்ல கடல் கீது. ஒரு நாளு கால் நனைச்சதில்ல. இங்க வந்து கடல் செஞ்சிகினு கீற.”

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தோம். அஞ்சலை சிரிக்காமல் குனிந்து கரையை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கோட்டை நிழலில் மீன்கூடையோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் அவர் கண் நின்றது.

“இது யாரு?”

நங்கூரம் கூரையைப் பார்த்தார்.

“மூக்குத்தி வேற வெச்சிகீற,” என்றார் அஞ்சலை. தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முந்தானையால் அந்தப் பொம்மையின் மேல் தெறித்திருந்த தண்ணீரை ஒற்றி எடுத்தார்.

பரிசு போனதில் வருத்தமா என்று பிறகு கேட்டேன். எந்தப் பரிசு என்று கேட்டார். வேண்டுமென்றே கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாயங்காலம், சட்ராஸ் போவதற்காக, சிங்கப்பெருமாள் கோவில் போகும் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். அஞ்சலை ஜன்னலோர இடத்தைப் புருஷனுக்குக் கொடுத்து, காற்று நன்றாக வரும்படி ஷட்டரைத் தூக்கிவிட்டார். பஸ் கிளம்பி, தூசி அடங்கி, சாலை காலியான பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை திரும்பி வரப்போகிறவர்தான். ஆனாலும் அப்படிப்பட்ட ஒரு மனிதர் ஊருக்குப் போகும்போது, வழியனுப்ப யாராவது ஒருவர் நிற்க வேண்டாமா?