மாதிரி வராகன்

தரங்கம்பாடியிலிருந்து வந்த உப்புப் படகுக்காரன் ஒருவன் அனுப்பம்பட்டு நெல் வியாபாரியிடம் சொன்னானாம். அந்த வியாபாரி பழவேற்காட்டுச் சந்தையில் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டுப் போனாராம். கடற்கரையிலிருந்த நான்கு வெள்ளைக்காரக் கொடிக்காரர்களும் கூடி நடத்திய, கள்ளக்காசைக் கண்டுபிடிக்கும் பயிற்சியின் கடைசி நாளில், நல்ல தங்க வராகன்களும் கள்ள வராகன்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டனவாம். எது நல்லது, எது கள்ளம் என்று யாருக்கும் தெரியவில்லையாம். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

வதந்திதான். நம்பவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஊரே நம்பியது. நம்பாமல் நிமிர்ந்து நின்றவர் ஒரே ஒருவர்: அந்தப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்த நோட்டக்காரர் வீரராகவன்.

பயிற்சிக்குப் போய் வந்தவர்! இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாக் காலத்திலும், எல்லா ஊரிலும் முளைக்கிற இனம். புறப்படுவதற்கு முந்தின நாள்வரை நம்மைப்போலவே கொட்டாவி விட்டு, நம்மைப்போலவே எதிர்வீட்டு வம்புக்குக் காது கொடுத்து, தன் வேலையை ஏதோ சுமாராகச் செய்துகொண்டிருந்தவர்தான். மூன்றே நாள். திரும்பி வரும்போது நடை மாறியிருக்கும், குரல் கனத்திருக்கும், நாம் ஒரு கும்பிடு போட்டால்கூட அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். அது வேறு விஷயம்.

வீரராகவனுக்கு வேலை, பழவேற்காட்டுப் படகுத்துறையில் உட்கார்ந்து காசு பார்ப்பது. இருபது வருஷமாக வராகனை வாங்கிக் கருங்கல்லில் ஒரு தட்டுத் தட்டுவார். காதைச் சாய்ப்பார். ‘நல்லது’ என்பார், அல்லது ‘வேற குடு’ என்பார். அநேகமாகச் சரியாகவே இருக்கும். அதுதான் குறை. ஏன் சரி என்று தெரியாமலே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரையில் ஒல்லாந்தர், இங்கிலீஷ்காரர், டேனிஷ்காரர், போர்த்துக்கீசப் பறங்கியர் என்று நான்கு கொடிகள் பறந்தன. ஒருவரை ஒருவர் சுடுவதற்கு நால்வரும் தனித்தனியாகப் பீரங்கி வைத்திருந்தார்கள். ஆனால் சாயத்துணிக்கும் வெடியுப்புக்கும் நால்வரும் கொடுத்தது ஒரே வராகன். கள்ளன் அதில் கைவைத்தால் நான்கு பேர் வயிற்றிலும் எரியாதா? எரிந்தது. கூடினார்கள்.

எந்தக் கோட்டைக்குள் வைத்தாலும் மற்ற மூவருக்கும் கௌரவக் குறைச்சல் என்பதால், எந்தக் கோட்டைக்கும் பக்கத்தில் இல்லாத, குடிதண்ணீருக்கும் பக்கத்தில் இல்லாத ஒரு பனந்தோப்பில் பந்தல் போட்டார்கள். முதல் நாள், நான்கு கொடிக்கம்பங்களில் எது ஒரு முழம் அதிகம் என்று அளந்து வெட்டிச் சரிசெய்வதில் போயிற்று. இரண்டாம் நாள் நான்கு மொழியில் வரவேற்புரை. நான்கையும் தமிழில் சொல்ல ஒரே துபாஷி. ஒவ்வொருவரும் ஒரு நாழிகை முழங்கி முடித்ததும் அவன் எழுந்து, “வந்ததுக்கு சந்தோசம்னு சொல்றாரு” என்று உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நாள் காலை, வந்திருந்த நாற்பது நோட்டக்காரர்களையும் வரிசையாக நிறுத்தி ஓர் ஓவியன் படம் எழுதினான். அசையக்கூடாது என்றான். நாற்பது மூக்கிலும் ஈ உட்கார்ந்தது, ஒருவரும் ஓட்டவில்லை. மிச்சமிருந்த அரை நாழிகையில்தான் நல்ல வராகன் ஒரு தட்டிலும் கள்ள வராகன் ஒரு தட்டிலுமாகச் சுற்றி வந்தன. நாற்பது பேரும் எடுத்தார்கள், பார்த்தார்கள், ஏதோ ஒரு தட்டில் வைத்தார்கள். அப்புறம் மணி அடித்தது.

விடைபெறும்போது ஆளுக்கொரு சான்றோலை, ஒப்பிட்டுப் பார்க்க ஆளுக்கொரு மாதிரி வராகன், மனப்பாடம் செய்ய ஒரு மந்திரம்: தொடு, பார், சாய்.

அந்த மந்திரத்தோடு வீரராகவன் வீடு வந்து சேர்ந்தார். புளியைத் தொட்டார், பார்த்தார், சாய்த்தார். விபூதியைச் சாய்த்தார். சம்பந்தம் பேச வந்தவர்களை வெளிச்சத்துக்கு நேராக உட்காரச் சொன்னார். அவர் மனைவி லோகாம்பாள் மூன்று நாள் பொறுத்தாள்.

“இன்னாங்க, தோசை ஆறிப்போவுது.”

“இரு. ஓரம் ஒழுங்கா இல்லையே.”

“தோசைக்கு இன்னாங்க ஓரம்?”

“அப்படிச் சொல்லாதே. பயிற்சியில டேனிஷ்காரர் ஒருத்தர் காசோட ஓரத்தைத் தடவிக் காட்டியே முழுசா ஒரு நாழிகை பேசினார்.”

“அவரு இன்னா, தோசை சுடுறவரா?”

பயிற்சிக்குப் போகாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று வீரராகவன் கையைக் கழுவினார்.

துறையிலும் சட்டம் மாறியிருந்தது. இனி எந்த வராகன் கைமாறினாலும் அது மாதிரி வராகனோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் அங்கேயே உளி வைத்து இரண்டாகப் பிளந்துவிட வேண்டும். முன்பெல்லாம் வருஷத்துக்கு நான்கு கள்ளக்காசு அகப்பட்டால் அதிகம். இப்போது நாளுக்கு நான்கு! கள்ளர்கள் இப்படிப் பெருகப்போவதை முன்கூட்டியே அறிந்து பயிற்சி வைத்த பெரியவர்களின் தீர்க்கதரிசனத்தை எண்ணி வீரராகவனுக்குக் கண் கலங்கியது. பிளந்த வராகனின் இரண்டு பாதிகளை முந்தானையில் முடிந்துகொண்டு போன கருவாட்டுக்காரி காசியம்மாளுக்கும் கலங்கியது. அது வேறு கலக்கம்.

இப்படி இருக்கையில் ஒருநாள் பிற்பகல் இருசம்மாள் வந்தாள்.

இருசம்மாளும் அவள் புருஷன் சடையனும் பசியாவரத்துப் பக்கம் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலை இல்லை, தோணி இல்லை. கழுத்தளவு தண்ணீரில் குந்திக் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதை வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போட வேண்டும். பறி வாயில் இருக்கும்வரை பேச முடியாது. கரையேறியதும் அதற்கும் சேர்த்துப் பேசுவாள். போன மழைக்காலத்தில் நீரோட்டம் சடையனை முகத்துவாரம்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. செத்தான் என்று அழுது முடித்த பிறகு திரும்பி வந்தான். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: அடுத்த மழைக்குத் தோணி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கப்போவதில்லை. எட்டு வருஷ இறால் ஒரு வராகனாகியிருந்தது. வடக்கேயிருந்து வந்த பச்சைமுத்து ஒரு பழைய தோணியை விற்கக் கொண்டுவந்திருந்தான். காற்று திரும்பினால் அதையும் இழுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவான். மழைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

“சாமி, சீக்கிரம் தட்டிப் பார்த்து நல்லதுனு சொல்லு. எங்க ஆளு தோணிக்குள்ள ஏறிக் குந்திகினு எறங்கமாட்டேன்றாரு.” கன்னத்தின் உள்ளிருந்து வராகனை எடுத்து, சேலையில் துடைத்து நீட்டினாள். நீரைத் தாண்டி வருகிறவளுக்குக் காசு வைக்க அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

வீரராகவன் இடுப்பிலிருந்த சுருக்குப்பையின் ஐந்து முடிச்சுகளையும் அவிழ்த்து மாதிரி வராகனை எடுத்தார். தினமும் துடைத்துத் துடைத்து அது ஓரங்களில் சிவந்திருந்தது. மேன்மை ஏற ஏற அப்படித்தான் சிவக்கும் என்று அவர் நினைத்தார். இரண்டையும் தொட்டார், பார்த்தார், சாய்த்தார். இவளுடையது மஞ்சளாக இருந்தது. கனமும் கூடுதல், தங்கத்தை இப்படி வாரி இறைத்திருக்கிறானே, கள்ளன் பெரிய தாராளக்காரன்! பழக்கதோஷத்தால் விரல் அதைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டது. நல்லது, என்றது இருபது வருஷத்துக் காது. சும்மா இரு, நீ பயிற்சிக்கு வரவில்லை, என்று அதை அடக்கினார்.

“இது கள்ளம்,” என்று உளியை எடுத்தார்.

“இன்னா சாமி சொல்றே! போன வருசம் நீதானே இதே காசைத் தட்டிப் பார்த்து நல்லதுன்னே?”

“அப்போ நான் பயிற்சிக்குப் போகலையே.”

“நீதானே போனே? காசு எங்கியும் போகல. என் வாயிலதான் இருந்திச்சு.”

“ஏ இருசம்மா, நம்ம கண்ணையும் காதையும் நம்பக்கூடாதுங்கறதுதான் பயிற்சியோட சாரம். மாதிரிதான் பேசும்.”

“அது இன்னா பேசுதுனு நானும் பாக்கறேன்.” அவர் தடுப்பதற்குள் நான்கு கொடிக்காரர்களின் மாதிரி வராகன் இருசம்மாளின் வாய்க்குள் போய்விட்டது. இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு ஒருமுறை புரட்டினாள். துறையே அவள் கன்னத்தைப் பார்த்தது.

“செம்பு,” என்றாள். “நாக்கெல்லாம் களிம்பு ஊறுது சாமி. இதைத் துப்பட்டுமா, உன் கையில தரட்டுமா?”

காசியம்மாள் கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் வராகனின் இரண்டு பாதிகளையும் கல்லின்மேல் வைத்தாள். “அப்போ இது இன்னாங்க?” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் தங்கள் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

வீரராகவனின் உள்ளங்கையில் எச்சில் ஈரத்தோடு இரண்டு வராகன்கள். முன்னால் கருங்கல். மாதிரி வராகனை அதில் ஒரே ஒரு தட்டு. காது உடனே சொல்லிவிடும். ஆனால் மாதிரியையே சோதிக்கலாமா? பயிற்சியில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தட்டி அது செம்பென்று தெரிந்தால் இந்த ஒரு மாதத்து உளிவேலை என்னாவது? சான்றோலை என்னாவது? அரை நாள் ஈ ஓட்டாமல் நின்றது என்னாவது? தட்டாமலே இவள் காசைப் பிளந்துவிட்டால் எல்லாம் சுகம். இருசம்மாளும் சடையனும் பறியைக் கவ்விக்கொண்டு மழைத்தண்ணீரில் இறங்குவார்கள். அவ்வளவுதானே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் இடுப்பைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எங்கேயோ மூன்று நாள் உட்கார்ந்து வாங்கிவந்த ஒன்று அங்கேயும் முடிந்திருக்குமே? அதோடு ஒப்பிட்டு எத்தனை பேருடையதை ‘கள்ளம்’ என்று பிளந்திருப்பீர்கள்? அதையே எடுத்து ஒரு தடவை கல்லில் தட்டிப் பார்த்ததுண்டா? சும்மா, ஒரே ஒரு தடவை?

காற்று திரும்பிவிட்டது. பச்சைமுத்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“இருசா! ஆச்சா?” தோணிக்குள்ளிருந்து சடையன் கூப்பிட்டான்.

இருசம்மாள் வீரராகவனைப் பார்த்தாள். வீரராகவன் கல்லைப் பார்த்தார்.

“ஏய், உன்னைத்தான்! ஆச்சானு கேக்கறேனே!”